மட்டக்களப்பு வாவிக்கரையும் தன்வரலாறும்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் வழங்குவது அந்நாட்டு மரபு. ஞாயிறு படும் திசையும் எழும் திசையும் இடப்பெயர்களாயின. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் அவ்வாவியின் ஒரு புறத்தே வயலும் மாடும் வாடியும், மறு புறத்தே தென்னையும் கடலும் சந்தையும் அமைந்துள்ளன. இடையில் தோணிகள் ஓடின. 1924ஆம் ஆண்டிலே கல்லடிப் பாலம் கட்டப்படும் வரையில், புளியந்தீவிலிருந்து கல்லடிக்குச் செல்வதற்கும் நீரையே கடக்க வேண்டியிருந்தது. இத்தகைய நிலத்திலே பிறந்து வளர்ந்த ஒருவர் தம் வாழ்க்கையை எழுதப் புகுந்தால், அவருக்குப் பொருள் குறைவு ஏற்படாது. ஆயினும் அவ்வாறு எழுதியோர் மிகச் சிலரே. அதன் காரணத்தை ஆராய்வது, இனி எழுத விரும்புவோருக்குப் பயன்படும்.

மட்டக்களப்பைப் பற்றி எழுதப்பட்டவை இல்லையென்று கூற முடியாது. 1602ஆம் ஆண்டு ஒல்லாந்தக் கடலோடியாகிய ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கரையில் வந்திறங்கி, அங்கிருந்து கண்டி மன்னன் விமலதர்மசூரியனைக் காணச் சென்றான். அவனது பயணக் குறிப்பு பின்னர் அச்சேறியது. 1814இல் வந்த வில்லியம் ஓல்ட் என்னும் மெதடிஸ்த ஊழியர், ஓராண்டும் நிறைவதற்கு முன்னர் 1815இல் மட்டக்களப்பிலேயே காலமானார். இன்று மெதடிஸ்த மத்திய கல்லூரி என வழங்கும் பள்ளி தன் தொடக்கத்தை அவரிடத்தே காண்கிறது. அவருடைய பெயர் நிலைத்தது. அவர்முன் அமர்ந்து எழுத்தறிந்த பிள்ளைகளின் பெயர்களை ஊரார் அறியார்.

இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் தெனன்ற் 1848இல் வாவியிலே தோணியேறி, நீரின் அடியிலிருந்து எழும் இன்னொலியைக் கேட்டார். மெல்லிய நரம்பிசை போன்றும், ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தடவினால் எழும் ஓசை போன்றும் அஃது இருந்ததாக 1859இல் வெளிவந்த தமது நூலில் அவர் குறித்தார். அவ்வொலி வரும் இடத்தை அவருக்குக் காட்டியவர்கள் மீனவர்கள். ஊரி கத்துகிறது என்று விளக்கம் சொன்னவர்களும் அவர்களே. தெனன்ற் கேட்டது சில இரவுகள். அம்மீனவர் கேட்டதோ வாழ்நாள் முழுவதும். எந்த நிலவில் ஒலி மிகுந்தது, எந்தக் காற்றில் அடங்கியது, தந்தை அதைப் பற்றி என்ன சொன்னார், குழந்தைகள் அதை அஞ்சினரா, விரும்பினரா என்பவற்றையெல்லாம் அவர்களே சொல்லக்கூடும். பாடும் மீன் என உலகறிந்த அச்செய்தி, பிற நாட்டார் நூல்களில் வாவியைக் கடந்து சென்ற ஒருவரின் வாய்மொழியாகவே நின்றுவிட்டது. பிற்காலத்தில், 1960களில், கத்தோலிக்கக் குருவாகிய லாங் அடிகள் அவ்வொலியைப் பதிவு செய்ய, அது இலங்கை வானொலியிலே ஒலிபரப்பாயிற்று. மீனின் குரலுக்குக் கிடைத்த அவ்வாய்ப்பு மீனவர் பலருடைய குரலுக்குக் கிடைக்கவில்லை.

உள்நாட்டு ஏடுகள் வேறு வகையின. எஃப். எக்ஸ். சி. நடராசா ஏட்டுப் பிரதிகளை ஆராய்ந்து 1962இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம் அரசர் வழிகளையும் குடிகளையும் கோயில் உரிமைகளையும் கூறுவது. வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட மட்டக்களப்புத் தமிழகம் என்னும் நூல் மக்கள் வாழ்வை நெருங்கிச் சென்றது. நாட்டுப் பாடல், கூத்து, சடங்கு, பேச்சு வழக்கு ஆகியவற்றை அவர் அன்போடு தொகுத்தார். இவ்விரு நூல்களும் இல்லாதிருப்பின் அந்நாட்டைப் பற்றிய அறிவு பெரிதும் குன்றியிருக்கும். எனினும், குடியின் வரலாறு வேறு. அக்குடியிற் பிறந்த ஒரு பெண்ணின் வரலாறு வேறு. மட்டக்களப்பிலே குடி தாய்வழியே வருவது. அதனை வயிற்று வார் என்பர். வீடும் நிலமும் பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாய்ச் செல்ல, மணமகன் மனைவியின் இல்லம் புகுவான். வழி முழுவதும் தாயைக் கொண்டே எண்ணப்படும் இந்நாட்டிலே, தன் பாட்டியின் தாய்க்குப் பெயர் யாது எனக் கேட்டால் விடை சொல்ல இயலாதார் பலர். குடியின் பெயர் நிலைத்திருக்க, ஆளின் பெயர் மறைந்து போனமை வியப்பிற்குரியது.

ஒருவருடைய வாழ்க்கை எழுத்தில் ஏறும் சந்தர்ப்பம் ஈழத்துத் தமிழர் வாழ்விலே ஒன்று உண்டு. அஃது அவர் இறந்த பின்னர் வருவது. அந்தியேட்டி நாளிலே படிக்கப்படும் கல்வெட்டுப் பாடலும், உறவினர் அச்சிட்டு வழங்கும் நினைவு மலரும் அத்தகையன. பிறந்த ஊர், பெற்றோர், மக்கள், மருமக்கள், செய்த அறம் ஆகியவை அவற்றில் இடம்பெறும். அவை பயனற்றவை அல்ல; ஊர் வரலாறு எழுதுவோர் அவற்றை நாடியே செல்கின்றனர். ஆனால், இறந்தவர் எவராயினும் இன்சொல்லினராகவும் ஈகையிற் சிறந்தவராகவுமே அங்கு காட்சியளிப்பார். அவர் பட்ட கடன், மூத்த அண்ணனோடு இருபதாண்டு பேசாதிருந்தமை, பள்ளியை இடையில் விட்ட நாளில் அடைந்த துயர் முதலியன அம்மலரிலே மலர்வதில்லை. அவற்றைச் சொல்லத்தக்கவர் ஒருவரே; அவரோ அப்போது இல்லை.

தன்னைப் பற்றித் தானே எழுதலாமா என்னும் தயக்கம் தமிழரிடத்தே பழமையானது. எத்துணைத் துறை கற்றிருப்பினும் தன்னைத் தான் புகழ்தல் தகாது என்று நன்னூல் விலக்குகிறது. அந்நூலே சில இடங்களில் அதற்கு இசைவும் தருகிறது. அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை உணராதாரிடத்தும், வாதத்திலே எதிரியை வெல்ல வேண்டியபோதும் தன்னைக் கூறிக்கொள்ளலாம் என்பது அதன் கருத்து. இவ்விதி புகழ்தலைப் பற்றியதேயன்றி, கண்டதையும் பட்டதையும் உரைத்தலைப் பற்றியதன்று. இவ்வேறுபாட்டை உணராதவர் அடக்கம் என்ற பெயரால் வாளாவிருந்து விட்டனர். காந்தியடிகளுக்கும் இத்தடை வந்தது. தன்வரலாறு எழுதுவது மேல்நாட்டார் வழக்கம். கீழ்நாட்டார் அவ்வாறு செய்ததில்லையே என ஒரு நண்பர் அவரிடம் ஐயுற்றார். தாம் எழுதப்போவது சத்தியத்தைக் கொண்டு செய்த சோதனைகளின் கதையே எனக் கூறி, அடிகள் 1925 முதல் வாரந்தோறும் அதனை வெளியிட்டார்.

தமிழிலே நாட்குறிப்பு எழுதுவதற்குத் தக்க முன்மாதிரி புதுச்சேரியில் உண்டு. பிரெஞ்சு ஆட்சியிலே துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப்பிள்ளை 1736 முதல் 1761இல் தாம் இறக்கும் காலம் வரை நாட்குறிப்பு எழுதினார். அவர் புலவர் அல்லர், வணிகர். சரக்கு வந்தது, கப்பல் போனது, துரை கோபித்தது, வீதியிலே வதந்தி பரவியது என வாய்க்கு வந்த தமிழிலேயே எழுதிச் சென்றார். இலக்கணப் பிழையைப் பொருட்படுத்தியிருந்தால் அவர் முதல் ஏட்டையே முடித்திருக்கமாட்டார். அவர் இறந்து எண்பது ஆண்டுகளுக்கு மேலாக அவை வீட்டிலே கிடந்து, 1846இல் வெளியுலகின் கண்ணிற் பட்டன. இன்று 18ஆம் நூற்றாண்டுத் தென்னிந்திய வரலாற்றை எழுதுவோர் அவற்றை விட்டு எழுத முடியாது.

இலங்கையின் கிழக்குக் கரையோடு தொடர்புடைய இன்னொரு சான்று றொபேட் நொக்ஸ். 1660இல் கொட்டியாரக் குடாவிலே தந்தையோடும் கப்பலாட்களோடும் பிடிபட்டபோது அவன் இருபது வயதும் நிரம்பாத கப்பற்பையன். கண்டி இராச்சியத்திலே 19 ஆண்டுகள் சிறைவாழ்வு வாழ்ந்தான். தொப்பி பின்னி விற்றான். நெல்லைக் கடன் கொடுத்து வட்டி பெற்றான். தப்பிச் சென்று, கப்பலில் ஊர் திரும்புகையிலேயே கண்டவற்றை எழுதினான். றொபேட் ஹூக் என்னும் விஞ்ஞானி ஒழுங்குபடுத்த உதவி, முன்னுரையும் வழங்க, நூல் 1681இல் வெளிவந்தது. நொக்ஸ் அதற்கு முன் நூலாசிரியன் அல்லன். நெல்லை எவ்வாறு விதைத்தனர், எவ்வாறு சூடு மிதித்தனர் என்பதை உடனிருந்து கண்டவன் என்பதே அவனுக்கிருந்த தகுதி. அத்தகுதி படுவான்கரையின் ஒவ்வொரு வயற்காரருக்கும் அவனைவிட மிகுதியாகவே உண்டு.

தமிழ்ப் பேரறிஞராயிருந்தும் இத்துறைக்குப் புதியவராய் நுழைந்தவர் உ. வே. சாமிநாதையர். 1855இலே பிறந்த அவர், பிறர் வேண்டிக்கொண்டமையால், 1940 ஜனவரியிலே ஆனந்த விகடனில் என் சரித்திரத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்கு எண்பத்தைந்து வயது நிரம்பும் காலம். ஊரைப் பற்றிய செய்தியோடு தொடங்கி, பாட்டனார், தந்தையார், உண்ட உணவு, கற்ற திண்ணை, ஆசிரியருக்குச் செய்த பணி என ஒவ்வொன்றாய் நிதானமாகச் சொன்னார். 1880இல் சேலம் இராமசாமி முதலியார் கும்பகோணத்தில் அவரைச் சந்தித்து, சிந்தாமணியைப் படித்ததுண்டா என வினவிய நிகழ்ச்சியை அந்நூலிலே காணலாம். பழந்தமிழ் நூல்கள் அச்சேறிய வரலாறே அவ்வொரு கேள்வியினால் திரும்பியது. அதை அவர் எழுதாதிருந்தால், அவ்விருவரோடும் அது மறைந்திருக்கும். எழுதியும் முழுமை பெறவில்லை. 1942 ஏப்ரலில் அவர் காலமானபோது கதை 122 அத்தியாயங்களோடு 1899ஆம் ஆண்டளவிலே நின்றது. பின்னைய நாற்பது ஆண்டுகளைப் பற்றி அவரே தொடர்ந்து சொல்லும் வரலாறு தமிழுக்குக் கிட்டவில்லை. அவர் அறுபதிலே தொடங்கியிருக்கக் கூடாதா என ஏங்காத வாசகர் இல்லை.

மட்டக்களப்பு நாட்டின் இழப்பு இதனிலும் பெரிது. சுவாமி விபுலாநந்தர் 1892இல் காரைதீவிலே பிறந்தார். மயில்வாகனன் என்னும் பிள்ளை கல்முனையிலும் மட்டக்களப்பிலும் கற்று, 1916இல் மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதராகி, 1920இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டமும் பெற்று, 1924இல் துறவு பூண்டார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தார். யாழ் நூல் 1947 ஜூனிலே திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. மறுமாதம் 19ஆம் நாள் அவர் மறைந்தார். வயது ஐம்பத்தைந்து. தன்வரலாறு எதுவும் அவர் எழுதவில்லை.

இதனால் இழந்தது யாது என்பதற்கு ஒன்று சொல்லலாம். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே யாழாசிரியனைப் பற்றி வரும் அடிகளே யாழ் நூலின் அடிப்படை. அவர் பிறந்த காரைதீவிலோ கண்ணகியம்மன் கோயில் உண்டு. வைகாசி மாதச் சடங்கிலே கண்ணகி வழக்குரை பாடப்படுவது மட்டக்களப்பு நாட்டு மரபு. அப்பாடலைக் கேட்டு வளர்ந்த சிறுவனின் செவியிலே முதன்முதல் பதிந்தது எது? கோவலன் கதையை அவன் ஏட்டில் கற்றதற்கு முன் கோயில் முற்றத்திலே அறிந்தானா? வாவியில் எழும் இன்னொலியை நீரரமகளிரின் இசையாகக் கற்பனை செய்து பாடிய அவர், அதை எந்த வயதில், யாருடன் கேட்டார்? அவருடைய வாழ்க்கையை எழுதிய அறிஞர் பலர். அவர்கள் ஆண்டுகளையும் பதவிகளையும் செவ்வனே தொகுத்தனர். இவ்வினாக்களுக்கு அவர்களால் ஊகத்தையே தர முடியும். தமிழிசை ஆராய்ச்சியின் ஊற்றுக்கண் ஒன்று அந்தச் சிறுவனுடைய நினைவிலே இருந்து, அவரோடு கல்லடி உப்போடையில் அடங்கியது. துறவிக்குத் தன் பூர்வாசிரமத்தைப் பேசுதல் மரபன்று என்பது உண்மையே. அம்மரபு இல்லறத்தாரைக் கட்டுப்படுத்தாது.

நூலறிவு குறைந்தோர்க்கு இது இயலுமா எனக் கேட்பவருக்கு ஈழத்திலேயே விடையுண்டு. மல்லிகை ஆசிரியர் டொமினிக் ஜீவா இளமையிலேயே பள்ளியை விட்டு யாழ்ப்பாணத்துச் சிகை அலங்கார நிலையத்திலே தொழில் செய்தவர். எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம் என்னும் பெயரில் அவர் தம் வரலாற்றைத் தந்தார். மட்டக்களப்பிலே மணம் செய்து வாழ்ந்த எஸ். பொன்னுத்துரையும் வரலாற்றில் வாழ்தல் என்னும் பெருநூலை இரு தொகுதிகளாக எழுதினார். தமிழகத்திலே 1992இல் வெளிவந்த பாமாவின் கருக்கு, ஊர்ப்பேச்சிலேயே ஒரு பெண் தன் வாழ்வைச் சொல்ல முடியும் எனக் காட்டிற்று. இவர்களில் எவரும் அரசரோ அமைச்சரோ அல்லர்.

எழுதப் புகுவோர் பிறந்த நாளிலிருந்து தொடங்கியே தீர வேண்டும் என எண்ணி முதற் பக்கத்திலேயே இடர்ப்படுவதுண்டு. அதற்குத் தேவையில்லை. ஒரு வேலையை எடுத்துக்கொள்ளலாம். களவெட்டியிலே சூடடிக்கும் காலத்து நாட்டுப்புறத்தார் பொருள்களின் வழக்கப் பெயரைச் சொல்லாது, வேறு சொற்களையே வழங்கினர். இயற்பெயர் சொன்னால் பேய் பொலியைக் கொண்டுபோகும் என்பது நம்பிக்கை. உழவுப் பொறி வந்தபின் அச்சொற்கள் அருகின. அவற்றைப் பேசிய முதியவர் ஒருவர், அன்றிரவு களவெட்டியில் யார் யார் இருந்தனர், சொல்லைத் தவறவிட்ட சிறுவனுக்கு என்ன நேர்ந்தது, போடியார் முல்லைக்காரருக்கு அளந்து கொடுத்தது எத்தனை மரக்கால் என்று எழுதினால், அஃது ஒரு தன்வரலாற்றின் முதல் அத்தியாயம் ஆகிவிடும். மருதமுனையில் தறியில் அமர்ந்தவருக்கும், அத்தாங்கு கொண்டு இறால் பிடித்தவருக்கும், குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூர்த் திருவிழாவுக்குத் தோணியேறியவருக்கும் இது பொருந்தும். கூலியையும் விலையையும் எழுதும்போது தொகையையும் ஆண்டையும் குறித்தல் நன்று. ‘அக்காலத்தில் எல்லாம் மலிவு’ என்ற வாக்கியத்தால் ஒருவருக்கும் ஒன்றும் விளங்காது.

ஆண்டு நினைவில் இல்லையெனின், ஊர் முழுவதும் அறிந்த நிகழ்ச்சியைக் கொண்டு கணக்கிடலாம். 1978 நவம்பர் 23ஆம் நாளிரவு வீசிய சூறாவளிக்கு முன்னா, பின்னா என்று கேட்டால் மட்டக்களப்பிலே பலருக்கு நினைவு தெளியும். 2004 டிசெம்பர் 26ஆம் நாளின் கடற்கோள் அடுத்த எல்லைக்கல். நாவலடியிலும் கல்லடியிலும் வீட்டோடு பிறப்புப் பத்திரமும் திருமணப் படமும் கடலோடு போயின. அவ்வீடுகளின் வரலாறு இன்று தப்பியவரின் நினைவிலன்றி வேறெங்கும் இல்லை.

சொல் பற்றியும் அச்சம் வேண்டாம். ‘மனே’ என்று அழைத்த தாயின் வாய்மொழியை ‘மகனே’ எனத் திருத்தி எழுதினால், அவ்விடத்திலே தாய் மறைந்து இலக்கணமே நிற்கும். எழுதத் தெரியாத முதியவர் சொல்ல, பேரப்பிள்ளை எழுதலாம். அப்போது எழுதுபவர் திருத்தாசிரியர் ஆகிவிடாமல் காத்துக்கொள்வது அவசியம். பள்ளியிலே கட்டுரை எழுதிப் பழகிய கை, கேட்டதை விட்டுக் கேளாத உவமைகளைச் சேர்க்க விரைவது வழக்கம்.

மிகக் கடினமானது 1983 முதல் 2009 வரை நீண்ட போர்க்காலம். 1990 ஆகஸ்டிலே காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தோர் கொல்லப்பட்டனர். செப்டெம்பரிலே சத்துருக்கொண்டானில் ஊர்மக்கள் கொல்லப்பட்டனர். தமிழூரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து அமைந்த கரை அது. சந்தையிலே ஒருவரிடம் ஒருவர் வாங்கி விற்று வாழ்ந்தோர் ஒருவரையொருவர் அஞ்சி ஒளிந்த நாட்கள் அவை. இவ்வாண்டுகளைப் பற்றி அறிக்கைகள் உள்ளன. அவற்றிலே எண்ணிக்கை உண்டு. அன்று காலை அடுப்பிலே என்ன இருந்தது, எந்தப் பிள்ளையை முதலில் தூக்கினார்கள், யார் கதவைத் திறந்து புகலிடம் தந்தனர் என்பன அறிக்கையில் வாரா. இவற்றை எழுதுவோர் கேள்விப்பட்டதையும் கண்டதையும் பிரித்து எழுத வேண்டும். உயிருடன் இருப்போருக்குத் தீங்கு வருமெனின் பெயரை மாற்றலாம். எழுதியதை உடனே வெளியிட வேண்டுமென்ற கட்டாயமும் இல்லை. ஆனந்தரங்கப்பிள்ளையின் ஏடுகள் காத்திருந்த காலத்தை எண்ணினால் முப்பதாண்டு பெரிதன்று. எழுத மனம் ஒப்பாதவரை எழுதுமாறு வற்புறுத்துவதும் முறையன்று.

எழுதிய ஏட்டைக் காக்கும் வகையையும் சொல்ல வேண்டும். வெள்ளமும் புயலும் கடலும் பலமுறை புகுந்த நாட்டிலே ஒரே பிரதியை ஒரே வீட்டில் வைப்பது தகாது. முதற் பக்கத்திலே எழுதியவர் பெயர், ஊர், எழுதத் தொடங்கிய நாள் ஆகியவற்றைக் குறித்து, ஒரு பிரதியை எழுவான்கரை வீட்டிலும் மற்றொன்றைப் படுவான்கரை உறவினரிடத்தும் வைத்தல் எளிய வழி. 2005இலே தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களோடு நினைவு மலர்களையும் சேகரித்து வருகிறது. இறந்தபின் உறவினர் அச்சிட்ட மலர்கள் அங்கு நிரையாக உள்ளன. அவற்றின் அருகே, உயிரோடிருந்த காலத்தில் தாமே எழுதிய குறிப்பேடுகளையும் வைப்பதற்கு அங்கே இடம் உண்டு.